மேடையில் நீ இல்லை

திருவண்ணாமலை
17-12-78

கலாவுக்கு,

பேசற மாதிரியேதான் எழுதப் போறேன். உன்ன மாதிரி எனக்கு எழுத வராது. மார்க்கெட் கமிட்டியில எடை போடற கிளார்க்குக்கு மூட்டை நம்பர் எழுதத்தான் வரும்னு நீயே சொல்லியிருக்க.

தீபம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. இப்பதான் ஊரு காலியாச்சு. அம்மா கீழ்பென்னாத்தூர்ல இருந்து வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாங்க. மலைமேல தீபம் தெரிஞ்சதும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினாங்க. நானும் போனேன். வெளியூர்ல இருந்து வந்த ஒரு அம்மா, "உங்க வீட்டுக்காரம்மா எங்கே?"ன்னு கேட்டாங்க. மெட்ராஸ்ல மியூசிக் காலேஜ்ல படிக்கிறான்னு சொன்னா அடுத்து நாலு கேள்வி வரும். லீவு கெடைக்கலன்னு சொல்லிட்டேன்.

ஜூலையில பஸ் ஏறறப்போ தீபத்துக்கு வரேன்னு சொன்ன. தீபாவளிக்கு வந்த ரெண்டு நாளும் உக்காந்து தலகாணி உறை தெச்ச. ஆறு உறை. நான் ஒருத்தன், எனக்கு எதுக்கு ஆறு?

பிப்ரவரி பத்தாம் தேதி கச்சேரின்னு கார்டுல ஒரே ஒரு வரி எழுதியிருந்த. அது பத்தாது. யாரெல்லாம் வாசிக்கறாங்க, நீ என்ன வாசிக்கிற, நான் வரலாமா, எல்லாம் எழுது. உடம்பப் பாத்துக்க.

சகாதேவன்

•

சென்னை
26-12-78

அன்புள்ள உங்களுக்கு,

சந்திரகலா எழுதுவது. தீபத்துக்கு வராதது தப்புதான். வந்தால் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்தேன். வரவில்லை.

கச்சேரியைப் பற்றிக் கேட்டீர்கள். கடைசி வருட மாணவர்கள் ஐந்து பேர். இரண்டு வயலின், ஒரு வீணை, ஒரு புல்லாங்குழல், ஒரு மிருதங்கம். பாடுகிறவர் கிடையாது. பெரிய ஹாலும் கிடையாது. நூறு பேர் உட்காரும் கூடம், மைக் வைக்க மாட்டார்கள். இதில் ஒருவர் பெரியவர், மற்றவர் பக்கவாத்தியம் என்பது இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது, காதால்தான். ரேணுகாம்பாள் டீச்சர் எங்களைச் சேர்த்துவைத்துத் தினமும் மூன்று மணி நேரம் பழக்குகிறார்.

மற்ற நாலு பேருக்கும் இது வீட்டுப் பேச்சு மாதிரி. சாயங்காலம் மயிலாப்பூரில் வீட்டுக்குப் போனால் அங்கேயும் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். நான் போளூரில் நாடகக் கொட்டகையில் வாசித்தவரிடம் கற்றுக்கொண்டவள். என் வில் பிடியே வேறு என்கிறார்கள். குழல் வாசிக்கிற சரோஜா மட்டும் கொஞ்சம் பேசுவாள். கல்யாணத்தில் விட்ட மூன்றாம் வருடத்தை இரண்டு வருடம் கழித்து முடிக்க வந்தவள் என்பதால் பிள்ளைகள் என்னை "அக்கா" என்று கூப்பிட்டுத் தள்ளியே வைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலில் நானும் சமையல் அம்மாவும்தான். அவருக்குக் காது மந்தம். எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

நீங்கள் வரலாம். வாருங்கள்.

சந்திரகலா

•

திருவண்ணாமலை
18-1-79

கலாவுக்கு,

பொங்கலுக்கும் நீ வரல. நான் கீழ்பென்னாத்தூர் போனேன். அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க, "அவ வருவாளாடா?"ன்னு. பொங்கலுக்கானு கேக்கறாங்களா, இல்ல வேற எதுக்கானு தெரியல. "பரீட்சை முடிஞ்சா வந்துடுவா"ன்னு சொன்னேன்.

இங்க மல்லாட்டை வரத்து ஜாஸ்தி, கமிட்டி முழுக்கக் கடலை மூட்டைதான். காலையில ஏழு மணிக்கே வண்டி கட்டி நிக்கறாங்க. ஆனாலும் பத்தாம் தேதிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன். சூப்பிரண்டு சக்கரபாணி சார் எதுக்குன்னு கேட்டார். என் வீட்டுக்காரி கச்சேரின்னேன். "எந்தக் கோயில்ல?"ன்னார். கோயில் இல்ல சார், காலேஜ்லன்னு சொல்லிப் பெருமையா நின்னேன். இப்போ கமிட்டி முழுக்கத் தெரியும். தராசுகிட்ட நிக்கற மூட்டைக்காரங்ககூட "பொண்டாட்டி கச்சேரி எப்பங்க?"ன்னு கேக்கறாங்க.

சின்னக்கடைத் தெருவுல ஒரு சட்டை தெக்கக் குடுத்திருக்கேன். நீ அந்தப் பச்சைப் புடவை கட்டு. தூரத்துல இருந்தா எனக்கு அடையாளம் தெரியணும்.

சகாதேவன்

•

சென்னை
1-2-79

அன்புள்ள உங்களுக்கு,

பத்தாம் தேதி நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இடம் குறைவு என்பதால் பாஸ் வைத்திருக்கிறார்கள். உள்ளூர் ஆட்களுக்கே கொடுத்துத் தீர்ந்துவிட்டது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து வாசலில் நிற்பதற்கு எதற்கு லீவை வீணாக்க வேண்டும்? கச்சேரி எப்படி நடந்தது என்று நானே விவரமாக எழுதுகிறேன்.

சட்டை தைத்ததற்குச் சந்தோஷம். வேறு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சந்திரகலா

•

சென்னை
11-2-79

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று கச்சேரி நல்லபடியாக முடிந்தது. கூடம் நிறைந்திருந்தது. பச்சைப் புடவைதான் கட்டினேன். முதலில் வர்ணம், பிறகு ஆபோகியில் ஒரு கீர்த்தனை, கடைசியில் தில்லானா. ஆபோகியில் வயலின் தனியாக எடுக்கிற இடம் ஒன்று உண்டு, அதில் இடம் தவறும் என்று பயந்துகொண்டிருந்தேன். தவறவில்லை. முடிந்ததும் வெகுநேரம் கை தட்டினார்கள். ரேணுகாம்பாள் டீச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கமிட்டியில் கேட்டால் சொல்லுங்கள். அத்தையிடமும் சொல்லுங்கள்.

சந்திரகலா

•

திருவண்ணாமலை
15-2-79

கலாவுக்கு,

உன் லெட்டர் நேத்து வந்தது. மூணு தடவ படிச்சேன்.

நான் வந்தேன் கலா. நீ வேண்டாம்னு எழுதின பிறகும் வந்தேன். வாசல்ல நின்னாவது கேட்டுட்டு வரலாம்னுதான் கெளம்பினேன். காலையில ஆறு மணி பஸ். செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் பாரிமுனையில எறங்கறப்போ பன்னெண்டரை. குழாயில மூஞ்சி கழுவிட்டு அந்தச் சட்டைய மாத்திக்கிட்டேன். நாலு மணிக்குக் காலேஜ் போனேன், வாசல்ல யாரும் பாஸ் கேக்கல. சந்தனம் நீட்டி, கல்கண்டு குடுத்து, "வாங்க, முன்னாடி போய் உக்காருங்க"ன்னாங்க. ஏழாவது வரிசையில உக்காந்தேன். பாதி நாற்காலி காலியா கெடந்தது.

அஞ்சு பேர் வந்தாங்க. வயலின் ரெண்டு. கண்ணாடி போட்ட ஒரு பையன், தாவணி போட்ட ஒரு சின்னப் பொண்ணு. நீ இல்ல. அடுத்த பாட்டுக்கு வருவேன்னு பாத்தேன். அதுக்கும் வரல. அப்புறம்தான் கையில குடுத்த நோட்டீஸப் பிரிச்சேன். "சந்திரகலா சகாதேவன்"னு அச்சு போட்டிருந்தது. அது மேல நீல இங்க்ல ஒரு கோடு. பக்கத்துல வேற ஒரு பேரு. என் பேரும் சேந்துதான் அடிபட்டிருந்தது.

அவங்க நல்லாத்தான் வாசிச்சாங்க. எனக்கு அதுக்கும் கோவம் வந்தது.

உனக்கு உடம்பு சரியில்லையோன்னு ஹாஸ்டலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் சுப்பிரமணின்னு ஒருத்தர். "அந்தப் பொண்ணு மத்தியானமே வெளிய போச்சே. நீங்க யாரு?"ன்னார். வீட்டுக்காரன்னு சொல்ல வாய் வரல. பொண்டாட்டி எங்க இருக்கான்னு தெரியாதவன் எப்படி அதைச் சொல்லுவான்? "ஊர்க்காரன்"னு சொன்னேன். ஏழரை வரைக்கும் எதிர்ல இருந்த பெட்டிக்கடையில நின்னேன். அதுக்கு மேல நின்னா பஸ் கெடைக்காது.

வாசிக்காததுக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா முதுகுல தட்டிக் குடுத்தாங்கன்னு எழுதற அளவுக்கு என்ன ஆச்சு? நீ திரும்பி வரப்போறதில்லன்னா அதையாவது நேரா எழுது.

சகாதேவன்

•

சென்னை
19-2-79

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் பெட்டிக்கடையில் நின்றிருந்த நேரத்தில் நான் சாந்தோம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புடவை கட்டியிருந்தேன், அது மட்டும் பொய் இல்லை. ஹாஸ்டலுக்கு வரும்போது எட்டு மணி. சுப்பிரமணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி பழக்கத்தின் நடுவில் டீச்சர் நிறுத்தச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால்தான் கேட்டார். "சந்திரகலா, இப்ப வீணை எங்க முடிச்சா?" எனக்குத் தெரியவில்லை. "குழல் எங்க எடுத்தா?" அதுவும் தெரியவில்லை. "உன் விரல்ல தப்பே இல்லம்மா. ஆனா நீ ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு வாசிக்கிற மாதிரி வாசிக்கிற. கூட நாலு பேர் இருக்கறது உன் காதுல விழல. தனிக் கச்சேரின்னா விட்டுடுவேன். இது அது இல்ல." மறுநாள் என் இடத்தில் முதல் வருடப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். பதினேழு வயது. இரண்டே நாளில் சேர்ந்துகொண்டாள்.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்? கமிட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள். கல்யாணமான பெண்ணை ஹாஸ்டலில் விட்டதற்கு ஊரே கேள்வி கேட்டபோது, அவளுக்குக் கை அப்படி என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். அந்தக் கையை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வேறு ஏதோ எழுதினேன்.

டீச்சர் சொன்னது நிஜம்தான். எனக்கு ஒன்றரை வருடமாக எதுவும் காதில் விழவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் பெண் குழந்தை இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் அழுததை மட்டும் கேட்டேன். பிறகு யார் பேசினாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி. அத்தை, "அடுத்தது ஆம்பளப் புள்ளையா பொறக்கும், எழுந்து சாப்புடு" என்றார்கள். நீங்கள் அவளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து கால் கழுவினீர்கள். மூன்றாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். மூட்டை எடை போட. எப்படி உங்களால் போக முடிந்தது என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

சந்திரகலா

•

திருவண்ணாமலை
26-2-79

கலாவுக்கு,

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியாது. சொன்னா நீ என்ன வெறுத்துடுவியோன்னு பயமாவும் இருக்கு.

மூணாம் நாள் கமிட்டிக்குப் போனேன். அங்க யாருக்கும் சேதி தெரியாது. "குழந்தை பொறந்துச்சாமே, சாக்லெட் எங்கே?"ன்னு கேட்டாங்க. நாளைக்குத் தரேன்னு சொல்லிட்டுத் தராசுகிட்ட போய் நின்னேன். அங்க நான் வெறும் கிளார்க்கு. வீட்டுல நான் யாருன்னு எனக்குப் புரியல. பதினோரு மணிக்கு ஒரு எடைய மூணு தடவ தப்பா எழுதினேன். சக்கரபாணி சார் நோட்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு வெளிய போய் உக்காருன்னார். கிடங்குக்குப் பின்னாடி சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அதை உன்கிட்ட சொல்லல.

இன்னொண்ணு. இதை எழுதாம விட்டா நான் செஞ்சதும் பொய்தான். படிப்பை முடின்னு உன்ன அனுப்பினது சங்கீதத்துக்காக இல்ல கலா. பத்து மாசம் நீ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாப்பாடு போடுவ, தண்ணி வெப்ப, சுவரப் பாத்து உக்காந்துடுவ. ஆபீஸ் விட்டுத் தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பி ஊரச் சுத்தி நடந்திருக்கேன். நீ கொஞ்ச நாள் எங்கியாவது இருந்தாத் தேவலன்னு தோணிச்சு. அதைச் சொல்ல முடியாம வயலின் பேரச் சொன்னேன். ஊருல எல்லாரும் என்ன நல்ல புருஷன்னாங்க. நீ போன அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன். மறுநாள்ல இருந்து தூக்கம் இல்ல.

புள்ளைய எங்க வெச்சேன்னு நீ கேட்டதே இல்ல. நானும் சொன்னதில்ல. கீழ்பென்னாத்தூர்ல நம்ம கெணத்து மேட்டுக்குக் கெழக்கால, புங்க மரத்துக்குக் கீழ. சித்தப்பா குழி வெட்டினார். நான்தான் எறக்கினேன். ரொம்பக் கம்மி எடை. எனக்கு எடை தெரியும் இல்லையா, கையில வெச்சதுமே தெரிஞ்சுடுச்சு.

சகாதேவன்

•

திருவண்ணாமலை
20-3-79

கலாவுக்கு,

மூணு வாரம் ஆச்சு, பதில் இல்ல. நீ எழுத மாட்டேன்னுதான் நெனைக்கிறேன். தபால்காரர் தெருவுக்குள்ள வரப்போ நான் வீட்டுல இருக்கறதில்ல, அதனால பக்கத்து வீட்டுல கேட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். தெனம் கேக்கறது அவங்களுக்கே கஷ்டமா இருக்கு போல. இப்பல்லாம் நான் வாசப்படி ஏறறதுக்கு முன்னாடியே கைய விரிச்சுடறாங்க.

இங்க வெயில் ஆரம்பிச்சுடுச்சு. மத்தியானம் மலைய நிமிந்து பாக்க முடியல. கமிட்டியில வரத்து கொறஞ்சு போச்சு. சும்மா உக்காந்திருக்கறது கஷ்டமா இருக்கு.

கோவம்னா கோவத்தை எழுது. திட்டி எழுதினாலும் படிக்கறேன்.

சகாதேவன்

•

சென்னை
8-4-79

அன்புள்ள உங்களுக்கு,

கோபம்தான். என்னை அனுப்பியது சங்கீதத்துக்காக இல்லை என்ற வரியைப் படித்ததும் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இத்தனை நாள் இங்கே எனக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். நம் வீட்டுக்காரர் நம்பி அனுப்பினார் என்பது. அதையும் எடுத்துவிட்டீர்களே என்று இருந்தது. மீதிக் கடிதத்தை நாலு நாள் கழித்துத்தான் படித்தேன். புங்க மரம் வரைக்கும் படித்தேன். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. சமையல் அம்மா என்ன என்று சைகையில் கேட்டார். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். உரக்கச் சொன்னேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரம் டீச்சரிடம் போய், "என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டேன். "வயலின் எடுத்துட்டு வராதே. வந்து நடுவுல உக்காரு. பதினஞ்சு நாள் வெறுமனே கேளு" என்றார். உட்கார்ந்தேன். முதல் வாரம் அவமானமாக இருந்தது. முதல் வருடப் பெண் என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டாள். இரண்டாவது வாரம் ஒரு நாள், சரோஜா குழலில் மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. ஸ்வரம் இல்லை, மூச்சு. அதற்குப் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தன.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பறையிலேயே ஒரு சின்னக் கச்சேரி. நோட்டீஸ் கிடையாது. கேட்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர். மூன்று வயலின் வைத்துக்கொண்டோம். நன்றாக வாசித்தேன் என்று எழுத மாட்டேன். ஆபோகியில் நடுவில் இடம் தவறிவிட்டேன். வில்லை எடுத்துவிட்டுக் கேட்டேன். சரோஜா அதே வரியை இன்னொரு தடவை வாசித்தாள், எனக்காகத்தான். மூன்றாவது தடவையும் வாசித்தாள். அதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது, சேர்ந்துகொண்டேன். முடிந்ததும் டீச்சர் பாராட்டவில்லை. "சந்திரகலா, ஜன்னலச் சாத்து, மழை வர மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

பரீட்சை இருபத்து நாலாம் தேதி முடிகிறது. இருபத்தாறு, வியாழக்கிழமை, கிளம்புகிறேன். ஆனால் மத்தளாங்குளத் தெரு வீட்டுக்கு என்னால் வர முடியாது. அந்தச் சுவரை இன்னொரு தடவை பார்க்க முடியாது. முதலில் என்னைக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்று மேட்டுக்கு. அதற்குப் பிறகு எங்கே இருப்பது, எப்படி இருப்பது என்று பேசலாம். நீங்களும் பேச வேண்டும். நான் மட்டும் அல்ல.

சந்திரகலா

•

திருவண்ணாமலை
15-4-79

கலாவுக்கு,

லெட்டர் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா தெருமுனைக்கே எடுத்துட்டு வந்து குடுத்தாங்க.

அன்னிக்கே கீழ்பென்னாத்தூர் போனேன். நீ வரதையும், எங்க போகணும்னு சொன்னதையும் அம்மாகிட்ட சொன்னேன். எடத்தைக் காட்டறேன்னு சொன்னேன். அம்மா களத்துல நெல்லைத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. நிமிரவே இல்ல. "எனக்கு நீ காட்டணுமா? அங்க முள்ளு மொளச்சா நான்தான்டா புடுங்கறேன். தெனம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறப்போ பாத்துட்டுத்தான் வரேன்"ன்னாங்க. அப்புறம், "அவ வரப்போ நானும் கூட வரட்டுமா, இல்ல வேண்டாம்னு சொல்லுவாளா? கேட்டு எழுது"ன்னாங்க. நாம மூணு பேரும் தனித்தனியா அங்க போய்ட்டு வந்துட்டு இருந்திருக்கோம். நீ மனசால, அம்மா மாட்டோட. நான் போன மாசம்தான் போனேன், ரெண்டு தடவ. நீ என்ன சொல்றியோ அதை அம்மாகிட்ட சொல்றேன்.

வீடு பாத்துட்டேன். வேங்கிக்கால் போற ரோட்டுல ரெண்டு ரூம். குளிக்கற எடத்துக்குக் கூரை இல்ல, போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கார். வீட்டுக்காரர் கவுஸ் பாஷா, தகரப் பெட்டி செய்யறவர். என் வீட்டுக்காரி காலையில ரெண்டு மணி நேரம் வயலின் வாசிப்பா, அதுக்குச் சம்மதம்னாத்தான் அட்வான்ஸ் குடுப்பேன்னேன். அவர் சிரிச்சுட்டு, "நான் நாள் முழுக்க தகரம் அடிக்கறவன், அந்தம்மாவுக்குச் சம்மதமான்னு கேளுங்க"ன்னார்.

வயலின சாக்கா வெச்சு உன்ன அனுப்பினேன்னு எழுதினேன். அது நெஜம்தான். ஆனா ஏழாவது வரிசையில உக்காந்து, நீ வருவ வருவன்னு அந்தக் கதவையே பாத்துட்டு இருந்தப்போ, நீ வாசிக்கறத நான் இதுவரைக்கும் ஒரு தடவகூட ஒழுங்கா உக்காந்து கேட்டதில்லன்னு தோணிச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து. நீ அடுக்களையில வாசிச்சுட்டு, கேக்கறீங்களான்னு கேப்ப, கேக்கறேன்னு சொல்லிட்டுப் பேப்பர் படிப்பேன்.

பேசணும்னு எழுதியிருக்க. எனக்குப் பேசத் தெரியுமான்னு தெரியல. எழுதினதெல்லாம் நேர்ல வருமான்னும் தெரியல. வரலன்னா நீ கொஞ்சம் காத்திரு.

வியாழக்கிழமைக்கு அரை நாள் லீவு குடுத்திருக்கேன். பன்னெண்டு மணியில இருந்து பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். நீ எந்த பஸ்ஸுல வந்தாலும் சரி.

சகாதேவன்